அடுப்படியில் ஒரு போட்டோ: சிறைக் கணக்கு எப்படி இயங்குகிறது?

டிபன் கடை அடுப்படியைக் காலை எட்டு மணிக்கு ஒரு போட்டோ எடுங்கள். விடியலிலிருந்து அடுப்பில் இருக்கும் சாம்பார் அண்டா கட்டாயம் அதில் விழும். கல்லில் இருப்பது ஒன்றிரண்டு தோசைதான். அதைப் பார்த்து ‘இங்கே தோசை ஓடுவதில்லை’ என்றால் கல்லாவில் இருப்பவர் சிரிப்பார்.

குற்றவியல் நீதிக் கொள்கையில் பிஎச்.டி. சேர்பவர் முதலில் பழக வேண்டியது இதைத்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரத்தில் பெரிதும் எடுத்தாளப்படும் எண்கள் டிசம்பர் 31 அன்று எடுத்த போட்டோ. 2022இல் அந்த நாளில் சிறைகளில் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். எண் சரிதான். ஆனால் பத்து நாளில் ஜாமீனில் போனவர் தோசை, வருடக்கணக்கில் கிடப்பவர் அண்டா. ஒருவர் சராசரியாக எத்தனை நாள் உள்ளே இருக்கிறார் என்பதை இந்தப் போட்டோ சொல்லாது.

கொள்கைக் கேள்வியோ நாள் கணக்கில்தான் நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவுப்படி, அதிகபட்சத் தண்டனையில் பாதியை விசாரணைக் காலத்திலேயே கழித்தவருக்கு ஜாமீன். முன்பு தண்டனை பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கும், பல வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. இதனால் பலன் உண்டா என்று இரண்டு டிசம்பர்களை ஒப்பிட்டுச் சொல்லிவிட முடியாது. ஆட்கள் சீக்கிரம் வெளியே போனாலும், கைது கூடினால் எண் அப்படியே நிற்கும்.

ஆகவே ஒவ்வொருவரையும் நுழைந்த நாளிலிருந்து பின்தொடர வேண்டும். ‘சர்வைவல் அனாலிசிஸ்’ என்ற புள்ளியியல் முறையைக் கற்பது இதற்குத்தான். ஆய்வு முடியும் நாளிலும் உள்ளேயே இருப்பவரைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டால், காவல் காலம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

அடுத்து தரவு. நெறிமுறைக் குழு, சிறைத்துறை என இரண்டு இடத்தில் அனுமதி வேண்டும்; விண்ணப்பத்தை முன்கூட்டியே போட்டுவிடுவது நல்லது. சிறைப் பதிவேட்டில் ஆள் இருப்பார், இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு இருக்கும். இரண்டையும் இணைக்க ஒவ்வொரு வழக்குக்கும் உரிய 16 இலக்க சி.என்.ஆர். எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் எஃப்.ஐ.ஆர். எண், காவல் நிலையம், பெயர் என்று கையால் பொருத்த வேண்டும். இனிஷியல் ஒரு பதிவில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும், மூன்றாவதில் காணாமலே போயிருக்கும்.

வழிகாட்டியிடம் முதலில் கொண்டுபோக வேண்டியது ஒரே ஒரு தாள்: ஐம்பது பேருக்கு உள்ளே வந்த தேதி, வெளியே போன தேதி, வழக்கு எண். மூன்றும் பொருந்தினால் ஆய்வு நடக்கும். பொருந்தாவிட்டால், கேள்வியை மாற்றிக்கொள்ள அப்போது இன்னும் நேரம் இருக்கும்.