ராட்டை இருந்த கொடி

பள்ளி ஆண்டு விழாவில் திருப்பூர் குமரன் வேஷம் போடும் பிள்ளைகள் கையில் பெரும்பாலும் இன்றைய தேசியக் கொடிதான் இருக்கும். நடுவில் அசோகச் சக்கரம். குமரன் தடியடிபட்டு விழுந்த 1932-இல் அந்தச் சக்கரம் கொடிக்கு வரவேயில்லை. அப்போதைய காங்கிரஸ் கொடியில் இருந்தது ராட்டை.

திருப்பூருக்கு ஒரு சின்னம் கேட்டால் நான் அந்த ராட்டையைத்தான் காட்டுவேன்.

1921-இல் பெஜவாடாவில் பிங்கலி வெங்கையா காந்தியிடம் கொடுத்த கொடி வடிவத்தில் இரண்டே நிறங்கள். வெள்ளையைச் சேர்க்கச் சொன்னவர் காந்தி. ராட்டை, ஜலந்தர் லாலா ஹன்ஸ்ராஜின் யோசனை. நிறத்துக்கு ஒரு மதம் என்று பொருள் சொன்னதால் சச்சரவு கிளம்பியது. 1931 ஆகஸ்டில் காங்கிரஸ் கமிட்டி காவி, வெள்ளை, பச்சை என்று மாற்றி, தைரியம், உண்மை, நம்பிக்கை என்று புதுப்பொருளும் சொன்னது. ராட்டை மட்டும் அப்படியே நின்றது, ஏழைகளின் நம்பிக்கையாக.

திருப்பூரில் அது வெறும் படமல்ல, பிழைப்பு. அகில இந்திய நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இங்கிருந்துதான் இயங்கியது. சுற்றுக் கிராமத்துப் பெண்கள் நூற்ற நூல் இங்கே வந்து கதராகிப் போனது. குமரனும் சென்னிமலை நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. 1932 ஜனவரி 4-இல் காந்தி கைதானார், காங்கிரஸ் தடை செய்யப்பட்டது. அதை எதிர்த்து 10-ஆம் தேதி பி.எஸ். சுந்தரம் தலைமையில் ஊர்வலம் போனது. மண்டை உடைந்தும் கொடியை விடாத குமரன் மறுநாள் இறந்தார். வயது 27.

ராட்டை போனதற்குக் காரணம் விசித்திரமானது. சக்கரம் ஒரு பக்கம், கதிர் மறுபக்கம் இருப்பதால், கொடியைத் திருப்பிப் பார்த்தால் படமும் இடம் மாறித் தெரியும். 1947 ஜூலை 22-இல் அரசியல் நிர்ணய சபையில் நேரு இதைச் சொல்லித்தான் சக்கரத்தை மட்டும் வைத்துக்கொண்டார். காந்திக்கு இதில் மனத்தாங்கல்தான். நேருவின் வாதம் சரியே. ஆனால் நூல் உருவாகும் பகுதி கதிர்தான், போனதும் அதுதான்.

படம் போனாலும் துணி நிலைத்தது. கையால் நூற்று நெய்த துணியில்தான் தேசியக் கொடி என்ற விதி நெடுங்காலம் இருந்தது. 2021 டிசம்பரில் அதையும் திருத்தினார்கள். மெஷினில் நெய்த துணி ஆகும், பாலியஸ்டரும் ஆகும். இனி திருப்பூர் பனியன் கம்பெனியே கொடி தைக்கலாம், ராட்டை சுற்றாத நூலில்.