பனிமலைப் பயணம்: வாகனம் மட்டும் போதுமா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் குளிர்கால வார இறுதிகளில், பனிச்சறுக்குப் பலகைகளை ஏற்றிக்கொண்டு டென்வர் நகரிலிருந்து மலைக்குப் புறப்படும் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் செல்லும் 70ஆம் எண் நெடுஞ்சாலை சுமார் 3,400 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது.

நான்கு சக்கரங்களும் இயங்கும் வாகனம் இருந்தால் கவலையில்லை என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியா? அவ்வாகனம் பனியில் புறப்படவும் மேடு ஏறவும் உதவும். ஆனால், பிரேக் பிடிக்கும்போது அந்த வசதியால் பயனில்லை. வாகனத்தை நிறுத்துவது டயரின் பிடிமானம்தான்.

சாதாரண டயரின் ரப்பர் ஏறக்குறைய 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்கும். குளிர்கால டயரின் ரப்பரோ குளிரிலும் மென்மையாக இருக்கும். அதிலுள்ள நுண்ணிய வெட்டுகள் பனியைக் கவ்விப் பிடிக்கும். நான்கு டயர்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். முன்சக்கரங்களுக்கு மட்டும் மாற்றினால், திருப்பத்தில் வாகனத்தின் பின்பகுதி வழுக்கிச் சுழன்றுவிடக்கூடும்.

தேய்ந்த டயரும் ஆபத்தே. அந்நெடுஞ்சாலையின் மலைப் பகுதியில் செப்டம்பர் முதல் மே வரை, டயர் தடத்தின் ஆழம் குறைந்தது 3/16 அங்குலம், அதாவது ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது 2019ஆம் ஆண்டில் வந்த மாநிலச் சட்டம்.

மலை ஏறுவது பாதிப் பயணம்தான். மாலையில் களைத்துறங்கும் பிள்ளைகளோடு பத்திரமாக இறங்கி வருவதையும் எண்ணியே டயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.