மூன்றாவது ஆளுக்காகக் காத்திருக்கும் கடிகாரம்

வன்னி மக்களுக்குச் சைக்கிளின் அருமையைப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1990-இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் பெற்றோல் எட்டாக்கனியானபோது, ஆசிரியரும் மாணவரும் வியாபாரியும் சைக்கிளை நம்பியே நடமாடினர். முன் பாரில் பிள்ளை, பின் கரியரில் மூட்டை. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோதும், 2009-இன் தொடக்கத்தில் வன்னி மக்களே முல்லைத்தீவுக் கரைப்பக்கம் ஒதுங்கிச் சென்றபோதும், பல குடும்பங்களின் எஞ்சிய உடைமைகளைச் சுமந்தது சைக்கிள்தான்.

உயிர் காக்க மிதித்த அந்த வண்டியை மகிழ்ச்சிக்காகவும் மிதிக்க வேண்டாமா? இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இயங்குகின்றன. அதன் வளாகமாக இருந்த வவுனியா, 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. சமதரையான வீதிகள் உண்டு, இளைஞர்கள் உண்டு. மாணவர்களே முன்னின்று ஒரு சனி, ஞாயிறில் சைக்கிள் போட்டி நடத்தினால் எப்படியிருக்கும்?

ஏழை மாணவருக்காக ஒரு போட்டி

அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் 1951-இல் ஹௌடி வில்காக்ஸ் என்பவர் ‘லிட்டில் 500’ என்ற போட்டியைத் தொடங்கினார். வேலை செய்துகொண்டே படிக்கும் மாணவர்களுக்கு உதவிப்பணம் திரட்டுவதே நோக்கம். அணிக்கு நால்வர், மாறி மாறி ஓட்டி, கால் மைல் பாதையை 200 முறை சுற்ற வேண்டும். மொத்தம் 50 மைல். எல்லோருக்கும் கியர் இல்லாத ஒரே மாதிரிச் சைக்கிள். பணக்கார வீட்டுப் பிள்ளை விலை உயர்ந்த வண்டியால் வெல்ல முடியாது. கால் வலுவும் தோழரின் ஒத்துழைப்பும்தான் வெல்லும்.

ஓட்டுபவர் சிலர், உழைப்பவர் பலர்

அந்நாட்டுப் பல்கலைக்கழகக் கழகங்கள் பல, வார இறுதிப் போட்டிகளை முறைவைத்து நடத்துகின்றன. ஒரு நாள் நெடுவீதி ஓட்டம், மறுநாள் சிறு வட்டப் பாதையில் விரைவோட்டம், இடையில் குழு ஓட்டம். புதியவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு.

நம் பிரதேசத்தில் நடத்துவதானால் கனரக வாகனங்கள் ஓடும் ஏ-9 வீதி வேண்டாம். வயலோரத்து உள்வீதி ஒன்றே நல்லது. நாம் இடப்பக்கம் ஓட்டுபவர்கள். ஆகவே எல்லாத் திருப்பங்களும் இடப்பக்கமாகவே அமைந்தால் எதிர்வரும் வாகனத்தைக் குறுக்கிட வேண்டியிராது. பொலிஸ் அனுமதி, சந்திதோறும் கொடியுடன் ஒருவர், முன்னே வழிகாட்டி வாகனம், பின்னே அம்புலன்ஸ், தலைக்கவசமும் பிரேக்கும் பார்க்க ஒரு மேசை, தண்ணீர் கொடுக்க நாலு பேர் – இவை இல்லாமல் தொடங்கவே கூடாது. திருப்பங்களில் கிடக்கும் மணலையும் சரளையையும் முதல் நாளே கூட்டிவிட வேண்டும். கட்டாக்காலி மாடுகளை விலக்கவும் ஆள் வேண்டும். வன்னி வெயிலைச் சொல்லவா வேண்டும்? விடிந்ததும் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும்.

இந்த வேலைகளில் எதற்கும் கிண்ணம் கிடையாது. ஆனால் சந்தியில் நின்ற மாணவன் ஒரு நிமிடம் அயர்ந்தால், முதலிடத்தில் வருபவனின் உயிருக்கே ஆபத்து.

காற்றை யார் தாங்குவது?

குழு ஓட்டத்தில் நால்வர் ஒருவர் பின் ஒருவராகச் செல்வார்கள். முன்னே செல்பவர் எதிர்க்காற்றைத் தாங்குகிறார். பின்னே ஒட்டிச் செல்பவருக்கு உழைப்பில் மூன்றிலொரு பங்கு வரை மிச்சம். அதனால் முறைவைத்து முன்னே வருவார்கள். இப்போட்டியில் பெரும்பாலும் கணக்கிடப்படும் நேரம் முதலாமவருடையது அல்ல. மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டுபவருடையது! வேகமானவன் தனியே பறந்து பயனில்லை. களைத்தவனையும் கூட்டிக்கொண்டு வந்தால்தான் வெற்றி.

பெண் பிள்ளைகளும் மிதிக்கட்டும்

இந்தியானாவில் பெண்களுக்கான தனிப் போட்டி 1988-இல்தான் தொடங்கியது. நமக்கு அருகிலேயே இதைவிடச் சிறந்த உதாரணம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. கேலிப் பேச்சுகளைப் பொருட்படுத்தாமல் பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் கற்றார்கள். முஸ்லிம் பெண்களும் அவர்களில் உண்டு. பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்கள் தாமே சந்தைக்கும் வேலைக்கும் போனார்கள். ஒழுக்கமான உடையும் தனிப் பிரிவும் பாதுகாப்பான வீதியும் இருந்தால், நம் வீட்டுப் பெண்ணும் ஓட்டுவதற்கு என்ன தடை, பெற்றோரே?

வடக்கின் முஸ்லிம்கள் 1990 அக்டோபரில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்ட துயரத்தைக் கண்ட மண் இது. தமிழர் குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு அலைந்த மண்ணும் இதுவே. இன்று வவுனியாப் பல்கலைக்கழகத்தில் தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்கள் ஒன்றாகப் படிக்கிறார்கள். நால்வர் கொண்ட ஓர் அணியை அவர்களிலிருந்து கலந்து எடுத்தால் என்ன? எதிர்க்காற்றை முறைவைத்துத் தாங்கவும், பின்தங்கியவருக்காக வேகத்தைக் குறைக்கவும் அவர்கள் வீதியிலேயே பழகிக்கொள்வார்கள். கிண்ணம் யாருக்குப் போனாலும் அந்தப் பழக்கம் நால்வருக்கும் மிஞ்சும்.