தாயக்கட்டையும் டயாப்லோவும்

காரைக்கால் பகுதியிலுள்ள விழிதியூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் நான்கு பேர் தாயம் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே வீட்டின் உள்ளறையில் ஒரு பையன் கணிப்பொறியின் முன் அமர்ந்து, நிலத்தடிக் குகையொன்றில் எலும்புக்கூடுகளோடு வாட்போர் புரிந்துகொண்டிருக்கிறான். திண்ணையில் இருக்கும் பெரியவருக்கு, பையன் பொழுதை வீணடிக்கிறான் என்று எண்ணம். பையனுக்கோ, இந்தத் தாயத்தில் என்னதான் இருக்கிறது என்று வியப்பு. உண்மையில் இருவரையும் எழுந்திருக்க விடாமல் பிடித்து வைத்திருப்பது ஒரே கணிதம்தான். அது என்ன கணிதம்? அது மனித மனத்தை எப்படிப் பற்றிக்கொள்கிறது? பார்ப்போமா?

பையன் ஆடும் விளையாட்டை 'ஆக்‌ஷன் ரோல் பிளேயிங் கேம்' என்பார்கள். நாம் அதைப் போர் வேட விளையாட்டு என்று சொல்லலாம். ஆடுபவர் ஒரு வீரனின் வேடத்தை ஏற்கிறார். எதிரிகளை வீழ்த்தி அனுபவப் புள்ளிகள் பெறுகிறார். புள்ளிகள் சேரச் சேர வீரனின் வலிமை கூடுகிறது. வீழ்ந்த எதிரி சில வேளைகளில் வாளோ கேடயமோ விட்டுச் செல்கிறான். இவ்வளவுதான் அதன் சாரம். இவ்வகை விளையாட்டுகளில் புகழ் பெற்ற டயாப்லோ, 1996-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. 2000-இல் வந்த அதன் இரண்டாம் பாகத்தை இன்றும் ஆடுகிறார்கள். எத்தனையோ புதிய விளையாட்டுகள் வந்து மறைந்துபோன பிறகும் இவை மட்டும் நிலைத்திருப்பதற்குக் காரணம் வேண்டுமல்லவா?

மூன்று ஆறுகளின் கூடல்

நம் நாட்டு விளையாட்டுகளை நினைத்துப் பாருங்கள். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். அதிர்ஷ்டத்திற்கு அங்கே இடமில்லை. எல்லாம் மூளையின் வேலை. பம்பரமும் கோலியும் கைத்திறனைச் சோதிப்பவை. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்திருக்க ஆடப்படும் பரமபத சோபனமோ முழுக்க முழுக்க அதிர்ஷ்டம். அங்கே ஏணியும் பாம்பும் உருட்டலின் போக்கில் வருகின்றன. ஆடுபவர் தேர்ந்தெடுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அதில் வேறொரு சிறப்பு உண்டு. காய் என்பது வெறும் காய் அன்று, அது ஓர் உயிர். படிப்படியாக மேலே ஏறிப் பரமபதத்தை அடைய வேண்டும். பயணமும் உயர்வும் அந்தப் படத்திலேயே இருக்கின்றன.

போர் வேட விளையாட்டு இவை மூன்றையும் ஒன்றாகக் கலந்தது. எந்த ஆயுதத்தை எடுப்பது, எந்தத் திறமையை வளர்ப்பது என்பது மூளைக்கு வேலை. பாயும் எதிரியிடமிருந்து விலகுவது கைக்கு வேலை. எதிரி என்ன பொருளை விட்டுச் செல்வான் என்பது அதிர்ஷ்டம். இவற்றோடு பரமபதத்தின் படியேற்றமும் சேர்ந்துகொள்கிறது. ஒன்றில் சலிப்புத் தட்டினால் இன்னொன்று கை கொடுக்கும்.

வந்த வழி

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். அதற்குக் கணிப்பொறி தேவையில்லை. காகிதம், பென்சில், பகடை போதும். அனுபவப் புள்ளி, படிநிலை ஆகிய கருத்துகள் பரவியது இதிலிருந்துதான். அதில் ஒரு போர்வீரன் இரண்டாம் படிநிலையை அடைய 2,000 புள்ளிகள் வேண்டும், அடுத்ததற்கு 4,000, அதற்கடுத்து 8,000, பிறகு 16,000. சதுரங்கக் கட்டங்களில் நெல்மணிகளை இரட்டித்துக்கொண்டே போன கதை உங்களுக்குத் தெரியுமே, அதே கணக்குதான். தொடக்கத்தில் விரைவாக உயர்கிறோம். அந்தச் சுவையை அறிந்த பிறகு ஒவ்வொரு படியும் தொலைவாகிறது. ஆனால் நம் வலிமையும் கூடுவதால் அடுத்த படி எப்போதும் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருப்பதாகவே தோன்றுகிறது.

1980-இல் அமெரிக்க மாணவர்கள் உருவாக்கிய 'ரோக்' இந்தக் கருத்துகளைக் கணிப்பொறிக்குள் கொண்டுவந்தது. படங்களே இல்லை, சுவர், கதவு, அரக்கன் யாவும் திரையில் வெறும் எழுத்துகளும் குறிகளும்தான். 1984-இல் ஜப்பானில் 'டவர் ஆஃப் டுருவாகா', 'ஹைட்லைடு', 'டிராகன் ஸ்லேயர்' ஆகியவை வந்தன. இவற்றில் முறை வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. கை அசைந்தவுடன் வீரனும் அசைந்தான்.

1986-இல் நிண்டெண்டோ நிறுவனத்தின் ஷிகேரு மியாமோட்டோ 'லெஜண்ட் ஆஃப் ஜெல்டா'வைத் தந்தார். 1990-களில் நம் நாட்டுக் கடைகளில் விற்ற தொலைக்காட்சி விளையாட்டுப் பெட்டிகளில் பல, ஜெல்டா ஓடிய அந்த ஜப்பானியப் பெட்டியின் நகல்களே. ஜெல்டாவில் வீரன் 255 காசுகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. ஏன் 255? எட்டு இருமக் குறிகள் கொண்ட ஓர் இடத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் அதுதான். இரண்டை எட்டு முறை பெருக்கினால் 256. சுழியும் ஓர் எண் ஆதலால் மிஞ்சுவது 255. பணப்பையின் அளவைத் தீர்மானித்தது அந்தப் பொறியின் நினைவகம்!

வளர்ச்சி என்று ஒன்று இருந்தால் அதைச் சேமித்து வைக்கவும் வேண்டும். மின்சாரத்தை நிறுத்தியவுடன் வீரன் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் யார் ஆடுவார்கள்? 1987-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஜெல்டாவின் பேழைக்குள் ஒரு சிறு மின்கலம் வைக்கப்பட்டிருந்தது. பெட்டியை அணைத்த பின்னும் அந்த மின்கலம் நினைவகத்துக்கு உயிரூட்டி, ஆடியவரின் உழைப்பைக் காத்தது.

டயாப்லோவை உருவாக்கிய டேவிட் பிரெவிக், ரோக் வகை விளையாட்டுகளில் தோய்ந்தவர். தாயம்போல் முறை வைத்து ஆடும் ஆட்டமாகவே அவர் அதை முதலில் அமைத்தார். வெளியீட்டாளரான பிளிசார்டு நிறுவனத்தார் அதை நிகழ்நேர ஆட்டமாக மாற்றச் சொன்னபோது அவருக்கு உடன்பாடில்லை. ஆயினும் மாற்றிப் பார்த்தார். சில மணி நேரத்திலேயே வேலை முடிந்தது. சொடுக்கியவுடன் வீரன் நடந்து சென்று எலும்புக்கூட்டை அடித்து நொறுக்கியதைக் கண்டதும், வழி இதுவே என்று தெளிந்ததாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

ஓர் எண்ணுக்குள் ஒரு குகை

டயாப்லோவில் பாழடைந்த தேவாலயத்தின் கீழே பதினாறு அடுக்குக் குகைகள் உள்ளன. ஒவ்வொரு முறை புதிதாகத் தொடங்கும்போதும் அவற்றின் அமைப்பு மாறுகிறது. அத்தனை வரைபடங்களையும் வரைந்து வைத்தது யார்? யாரும் இல்லை. கணிப்பொறியே ஒரு தாயக்கட்டையை உருட்டி, அறைகளையும் வழிகளையும் அமைத்துக்கொள்கிறது.

கணிப்பொறிக்குத் தாயக்கட்டை ஏது? அது கட்டளைப்படி மட்டுமே நடக்கும் பொறி ஆயிற்றே! இங்கேதான் ஓர் அழகிய தந்திரம் இருக்கிறது. ஒரு காகிதத்தில் நீங்களே செய்து பார்க்கலாம். ஏதேனும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 7 என்று வைத்துக்கொள்வோம். அதை 5-ஆல் பெருக்கி, 3 கூட்டி, 16-ஆல் வகுத்து, மீதியை மட்டும் எழுதுங்கள். 38-ஐ 16-ஆல் வகுத்தால் மீதி 6. அந்த 6-ஐக் கொண்டு மீண்டும் அதே கணக்கு. இப்படியே போனால் கிடைப்பவை: 7, 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4. பிறகு மறுபடியும் 7.

வழியை அறியாதவருக்கு இந்த எண்கள் தாறுமாறாக வருவதாகத்தான் தோன்றும். ஆனால் தொடக்க எண் தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடும். தொடக்க எண்ணை 'விதை' என்று அழைக்கிறார்கள். நம் கணக்கில் 16 எண்களே உள்ளன; கணிப்பொறியிலோ கோடிக்கணக்கான எண்கள் கடந்த பிறகுதான் தொடர் திரும்பி வரும். ஆலம்விதைக்குள் மரம் அடங்கியிருப்பதுபோல், ஒற்றை எண்ணுக்குள் ஒரு குகை முழுவதும் அடங்கியிருக்கிறது. வரைபடத்தைச் சேமிக்க வேண்டியதில்லை; விதையைச் சேமித்தால் போதும். நினைவகம் குறைவாக இருந்த காலத்தில் இது பெரும் பேறு. ஆடுபவருக்கோ, எத்தனை முறை ஆடினாலும் புதிதாகவே இருக்கும் ஓர் உலகம்.

எட்டில் ஒன்று என்றால் என்ன?

இப்போது திண்ணைக்கு வருவோம். ஊருக்கு ஊர் விதிகள் சற்று மாறினாலும், தாயக்கட்டை பெரும்பாலும் நான்கு பக்கம் உடையது. ஒரு பக்கம் வெறுமை. மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டு கட்டைகளை உருட்டினால் 4 × 4, அதாவது 16 விதமாக விழலாம். ஒரு கட்டையில் வெறுமையும் மற்றதில் ஒன்றும் விழுந்தால் தாயம். இது இரண்டு விதத்தில் நிகழும். எனவே தாயம் விழும் நிகழ்தகவு 16-இல் 2, அதாவது எட்டில் ஒன்று. இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டும், இரண்டும் மூன்றாக விழும் ஆறும் பதினாறில் ஒன்று.

தாயம் விழுந்தால்தான் காயை இறக்க முடியும். எட்டில் ஒன்று என்பதால் எட்டு முறை உருட்டினால் கட்டாயம் தாயம் விழுந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. ஒருமுறை விழாமல் போகும் வாய்ப்பு எட்டில் ஏழு. எட்டு முறையும் விழாமல் போகும் வாய்ப்பை அறிய, எட்டில் ஏழை எட்டு தடவை தன்னோடு பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.34. அதாவது 100 பேர் ஆளுக்கு எட்டு முறை உருட்டினால், சுமார் 34 பேர் தாயம் காணாமல் இருப்பார்கள். பதினாறு முறை உருட்டிய பிறகும் சுமார் 12 பேருக்குத் தாயம் விழுந்திருக்காது! கட்டைக்கு ஞாபகம் கிடையாது. இதுவரை விழவில்லை என்பதற்காக இனிமேல் விழும் வாய்ப்பு கூடிவிடாது.

உள்ளறைப் பையனின் நிலையும் இதுவே. ஓர் அரிய வாள் ஆயிரத்தில் ஒரு முறை கிடைக்கும் என்றால், ஆயிரம் எதிரிகளை வீழ்த்திய பிறகும் 100 பேரில் ஏறத்தாழ 37 பேருக்கு அது கிடைத்திராது. 'இன்னும் ஒரே ஒரு முறை' என்று அவன் சொல்லும்போது, அந்த ஒரு முறைக்கும் பழைய ஆயிரத்துக்கும் எந்த உறவும் இல்லை.

மூளையில் நடப்பது

அப்படியானால் அவன் ஏன் சலிப்படைவதில்லை? ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்ற இரு உளவியலாளர்கள் 1957-இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை உண்டு. புறாக்கள் ஒரு பொத்தானைக் கொத்தினால் தீனி கிடைக்கும்படி அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை கொத்திய பிறகே தீனி என்றால், தின்றபின் புறா சற்று ஓய்வெடுத்தது. எத்தனையாவது கொத்தலுக்குத் தீனி வரும் என்று தெரியாதபடி செய்தபோதோ, அது இடைவிடாமல் கொத்தியது. தீனியை நிறுத்திய பிறகும் நெடுநேரம் விடவில்லை.

பிறகு வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற அறிவியலாளர் குரங்குகளின் மூளையை ஆராய்ந்தார். டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள், எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது துள்ளின. எதிர்பார்த்தபடியே கிடைத்தபோது அந்தச் சாற்றுக்காக அவை துள்ளவில்லை. எதிர்பார்த்தது கிடைக்காதபோது அடங்கின. அதாவது அவை அளந்தது பரிசை அன்று. எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை. எப்போது வரும் என்று தெரியாத பரிசு ஏன் தித்திக்கிறது என்பது இப்போது புரிகிறதல்லவா?

கடையில் விற்ற வாள்

ஆனால் தற்செயல் மட்டுமே இந்த விளையாட்டுகளின் உயிர் என்று எண்ணிவிடக் கூடாது. 2012-இல் வந்த டயாப்லோவின் மூன்றாம் பாகத்தில், அரிய பொருள்களை உண்மையான பணத்துக்கே ஆடுபவர்கள் வாங்கவும் விற்கவும் ஓர் ஏலக்கடை திறக்கப்பட்டது. குகையில் அலைந்து தேட வேண்டிய வாள் கடையில் கிடைத்தது. விளைவு? தேடும் சுவையே குன்றியது. 2014 மார்ச்சில் நிறுவனமே அந்தக் கடையை மூடிவிட்டது. பையனுக்கு வேண்டியது வாள் மட்டும் அன்று; அந்த வாளைத் தானே வென்ற கதையும் வேண்டும். பழைய விளையாட்டுகளின் நீடித்த கவர்ச்சிக்கு இது முக்கியமான சான்று. 2021-இல் இரண்டாம் பாகத்தைப் புதுப் படங்களோடு மீண்டும் வெளியிட்டபோதும், அதன் அடிப்படை விதிகளை அப்படியே காத்தார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய திரையையே காணவும் வழி செய்தார்கள்.

இதில் எச்சரிக்கையும் இருக்கிறது. தாயக்கட்டையின் பின்னால் ஒரு வணிகர் நின்று, ஒவ்வோர் உருட்டலுக்கும் காசு கேட்டால் அது விளையாட்டு அன்று, சூது. காசு கொடுத்துத் திறக்கும் 'அதிர்ஷ்டப் பெட்டி'களை பெல்ஜியம் 2018-இல் சூதாட்டம் என்று அறிவித்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்ய இந்திய நாடாளுமன்றம் 2025-இல் சட்டம் இயற்றியது. தன் கட்டுப்பாட்டை இழந்து, படிப்பையும் உறவையும் கெடுத்துக்கொண்டு ஆடும் நிலையை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியல் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. ஆடுவோரில் மிகப் பலர் அந்த நிலைக்குப் போவதில்லை. ஆயினும் பொறியின் அமைப்பை அறிந்தவனை அது எளிதில் ஆட்டிவைக்காது.

நீங்களும் செய்யலாம்

இன்றே தாயக்கட்டைகளை எடுத்து 160 முறை உருட்டி, விழுந்தவற்றைக் குறித்து வையுங்கள். கட்டை இல்லையென்றால், ஒருபுறம் தேய்த்த புளியங்கொட்டைகள் நான்கைக் கொண்டும் இதுபோன்றதொரு சோதனை செய்யலாம். கட்டையில் தாயம் இருபதை ஒட்டி வரும். மிகச் சரியாக இருபது வந்தால்தான் வியப்பு. எத்தனை முறை தொடர்ந்து தாயம் விழாமல் இருந்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள். அந்த நீண்ட வறட்சிதான் உங்கள் பாடப் புத்தகம்.

அடுத்தபடியாக, ஒரு விளையாட்டை நீங்களே அமைக்கலாம். போபாலில் உருவான 'அன்ரெஸ்ட்' 2014-இலும், புனேயில் உருவான 'ராஜி' 2020-இலும் இந்தியக் கதைக்களங்களோடு வந்தன. ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் களமாகக் கொண்ட 'வெண்பா', கனடாவில் உருவாகி 2023-இல் வெளிவந்தது. பரமபதமும் ஆடுபுலியும் தாயமும் அறிந்த ஊர்களிலிருந்து அடுத்தது ஏன் வரக் கூடாது? பெருக்கல், கூட்டல், மீதி, ஒரு விதை எண்: தொடங்குவதற்கு இவை போதும்.