பெட்டிக்குள் ஒரு மோட்டார் கார்

1964-இல் தொடங்கிய நமது அம்பத்தூர் தொழிற்பேட்டை மோட்டார் வாகன உதிரி பாகங்களுக்குப் பெயர் பெற்றது. அந்தக் காரையே கையடக்கமாகப் பிளாஸ்டிக்கில் செய்து மகிழ்பவர்களும் நமக்கு வாடிக்கையாளர்களே.

கார் கிட்டுகள் பலவும் 24-இல் ஒரு பங்கு அளவில் வருகின்றன. நாலேகால் மீட்டர் நீள அம்பாசடர், இந்த அளவில் சுமார் 18 செ.மீ. தான். பாகங்களைக் கட்டரால் நறுக்கி, உப்புத்தாள் தேய்த்து, ஒட்டி, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை பெயிண்ட் அடிக்க வேண்டும்.

கொள்முதலில் கவனம் தேவை. பொம்மை இறக்குமதித் தீர்வை 2020-இல் 20-லிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 சதவீதமாகவும் உயர்ந்தது. 14 வயதுக்குட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பெட்டியில் '14 வயதுக்கு மேல்' என்றிருப்பதை மட்டும் நம்பாமல், சப்ளையரிடம் எழுத்து மூலம் உறுதி பெறுவோம். சரக்கு பறிமுதலானால் லாபத்தோடு முதலும் போகும்.

பசையும் தின்னரும் எளிதில் தீப்பற்றுபவை. சாமி விளக்கு எரியும் அலமாரியில் அவற்றை வைக்கலாகாது.

கிட் வாங்கியவர் பெயிண்டுக்கும் பிரஷ்ஷுக்கும் உப்புத்தாளுக்கும் மறுபடி வருவார். அந்தச் சில்லறைச் சரக்கை இருப்பில் வைத்திருக்கும் கடையையே அவர் தேடி வருவார்.