மதுரைப் பகுதித் தமிழிக் கல்வெட்டுத் தரவுகளை ஒருங்கிணைத்தல்: வினவல்களில் கருத வேண்டியவை

முன்னுரை

மதுரையைச் சுற்றியுள்ள மாங்குளம், அழகர்மலை, திருப்பரங்குன்றம், கொங்கர்புளியங்குளம் முதலிய இடங்களில் தமிழிக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றின் பாடம் ஓர் அட்டவணையிலும் காலம், அமைவிடம் ஆகியன வேறோர் அட்டவணையிலும் இருப்பின், ஊர்ப்பெயரைக் கொண்டு இரண்டையும் இணைக்க முற்படுவது இயல்பு. அவ்விணைப்பில் பிழைச்செய்தி எதுவுமின்றிப் பதிவுகள் விடுபடவும் பெருகவும் கூடும். அதன் காரணங்களையும் தீர்வுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு தோற்றம், இரு குறியேற்றம்

‘கொங்கர்புளியங்குளம்’ என்பதன் முதலெழுத்தை ஒருங்குறியில் இருவகையாகப் பதியலாம். ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்தால் 2 குறியெண்கள். ககரம், எகரக் கொம்பு, கால் எனப் பிரிந்தால் 3. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; குறியெண்களை அப்படியே ஒப்பிடும் வினவலுக்கோ அவை வெவ்வேறு சொற்கள். ஆதலின், இணைப்பதற்கு முன் இரு அட்டவணைகளின் பெயர்களையும் என்எஃப்சி என்னும் இயல்பாக்கத்திற்கு உட்படுத்த வேண்டும். பைத்தானின் யுனிகோட்டேட்டா தொகுதியும், போஸ்ட்கிரெஸ்கியூஎல் 13 முதல் உள்ள நார்மலைஸ் சார்பும் இதனைச் செய்யும். ஔகாரத்தை ‘ஒ’, ‘ள’ எனத் தட்டச்சிட்ட பிழையை இது திருத்தாது. அதற்குத் தனி விதி தேவை.

ஊர்ப்பெயர் திறவாகாது

மாங்குளம் கல்வெட்டுகள் மீனாட்சிபுரம் என்ற பெயராலும் சுட்டப்படுகின்றன. இவ்வேறுபாட்டை எந்த இயல்பாக்கமும் நீக்காது. மேலும், அங்குள்ள 6 கல்வெட்டுகள் இரு அட்டவணைகளிலும் தனித்தனிப் பதிவுகளாக இருப்பின், ஊர்ப்பெயர் வழி இணைப்பு 36 வரிசைகளைத் தரும். எனவே ஒவ்வொரு கல்வெட்டிற்கும் மாறாத அடையாள எண் அளித்து, ஊரின் மாற்றுப்பெயர்களைத் தனி அட்டவணையில் வைத்தல் நன்று.

மூல எழுத்தைச் சேமித்தல்

பிராமி எழுத்துகள் 2010-இல் ஒருங்குறியில் இடம்பெற்றன. யுடிஎஃப்-8 முறையில் அவை ஒவ்வொன்றும் 4 பைட்டுகள் கொள்ளும். மைஎஸ்கியூஎல்லின் பழைய ‘யுடிஎஃப்8’ வகை 3 பைட்டுகளையே ஏற்பதால், ‘யுடிஎஃப்8எம்பி4’ வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சரிபார்த்தல்

இணைப்பிற்கு முன்னும் பின்னும் வரிசைகளை எண்ணுதல் வேண்டும். முதலில் லெஃப்ட் ஜாயின் இட்டு, இணை கிடைக்காத பதிவுகளை மட்டும் பட்டியலிட்டால் விடுபட்டவை வெளிப்படும். நிரல் மூலப்பாடத்தைத் திருத்தாமல், இயல்பாக்கிய வடிவத்தை வேறொரு நெடுவரிசையில் எழுத வேண்டும்.

முடிவுரை

தரவில் விடுபட்ட ஒரு கல்வெட்டு, ஆய்வில் ‘அவ்வூரில் சான்று இல்லை’ என்னும் கூற்றாக மாறக்கூடும். எண்ணிக்கை குறைந்த சான்றுகளைக் கொண்டு எழுதப்படும் தொல்லெழுத்தியலில் அத்தகைய கூற்று வரலாற்றையே திரித்துவிடும். ஆகவே, இன்மையைக் கூறுமுன் இணைப்பைச் சரிபார்ப்பது ஆய்வு நெறியின் ஒரு பகுதியாகும்.