ஏலக்காயை உரித்துப் பாருங்கள்!

போடிநாயக்கனூர் ஏலத்தில் வியாபாரிகள் மலைச்சரிவிலிருந்து வந்த ஏலக்காயின் நிறமும் பருமனும் பார்த்தே விலை கேட்கிறார்கள். நீங்களும் கடையில் ஒன்றை உரித்துப் பார்ப்பீர்கள், இல்லையா சகோதரிகளே?

பங்குப் பத்திரத்தை எப்படி உரிப்பது? வெளிநாட்டாருக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்துவந்த ஐதராபாத் ‘சத்யம்’ கம்பெனியின் கதையைக் கேளுங்கள். 2008 டிசம்பர் 16-ல், தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தார் நடத்திய ‘மேட்டாஸ்’ கட்டுமானக் கம்பெனிகளை வாங்கப்போவதாக அது அறிவித்தது. பங்குதாரர்கள் கொதித்தெழவே திட்டம் கைவிடப்பட்டது. பங்கு விலை சரிந்தது. மலிவென்று வாங்குவதா, வந்தவரை லாபமென்று விற்பதா?

2009 ஜனவரி 7-ல் விடை வந்தது. கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் வெறும் பொய் என்று ராஜுவே ஒப்புக்கொண்டார். முந்தின நாள் 179 ரூபாய் விற்ற பங்கு அன்றே சுமார் 40 ரூபாய்க்கு விழுந்தது!

கம்பெனிப் பணம் முதலாளி வீட்டுக் கம்பெனிக்குப் போகிறதா? உங்கள் சேமிப்பைப் போடுமுன் அதைப் பாருங்கள். அதுதான் உரித்துப் பார்ப்பது!